கைமாற்றாகப் போன கிரவுன் வீல்

எங்கள் மெக்கானிக் சங்கத்து இளைஞர்கள் மலர் போடுகிறார்களாம். "அண்ணே, அந்தக் காலத்துல சாமான் கெடைக்காம எப்பிடி வண்டிய ஓட்டுனீங்க? அதப் பத்தி எழுதிக் குடுங்க" என்று ஒருவன் வந்து உட்கார்ந்துகொண்டான். நாங்கள் ஏதோ காட்டில் கிழங்கு தோண்டித் தின்று பிழைத்தவர்கள் மாதிரிதான் அவன் கேட்டான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. இப்போது காலையில் சென்னைக்கு ஒரு போன் போட்டால் சாயங்கால பஸ்ஸில் சாமான் வந்து இறங்கிவிடுகிறது. தப்பான சாமானும் அதே வேகத்தில் வந்து இறங்குகிறது என்பது வேறு விஷயம்.

பெருமையாக நாலு வார்த்தை எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் அந்த நாட்களை நினைத்தாலே பரங்கிப்பேட்டையில் செங்கல் அடுக்கின் மேல் நின்ற ஒரு கார்தான் முதலில் கண்ணில் வந்து நிற்கிறது. அதைத் தாண்டி வேறு எதையும் எழுத வரவில்லை.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒத்துவரவில்லை. அப்பா என்னைத் திருப்பாப்புலியூரில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் கொண்டுபோய் விட்டார். சில வருஷம் மண்ணெண்ணெயில் நட்டும் போல்ட்டும் கழுவினேன். பிறகு சில வருஷம் ஸ்பானர் எடுத்துக் கொடுத்தேன். அறுபதுகளின் தொடக்கத்தில் நானே தனியாக ஒரு எஞ்சினை இறக்கி ஏற்றும் அளவுக்கு வந்துவிட்டேன். கற்றுக்கொண்ட கதை அவ்வளவுதான், அதில் சுவாரசியம் ஒன்றுமில்லை.

சுவாரசியமெல்லாம் கார் வைத்திருந்தவர்களிடம்தான் இருந்தது. கடலூரிலும் சிதம்பரத்திலும் அப்போது கார் வைத்திருந்தவர்களை எல்லாம் எங்களுக்கு முகம் தெரியும். பாதிப் பேர் வைத்திருந்தவை சீமையில் செய்து வந்த பழைய வண்டிகள். வெளிநாட்டுச் சாமான் இறக்குமதிக்கு அரசாங்கம் கடிவாளம் போட்டிருந்த காலம் அது. புது வண்டிக்குப் பதிந்து வைத்தாலும் வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதனால் இருக்கிற வண்டியை எப்படியாவது ஓட்டிக்கொண்டிருப்பதே அவரவர் பிழைப்பாக இருந்தது.

பெண்ணாடம் பக்கத்துக் கரும்பு விவசாயி ஒருவர் காரின் பின் சீட்டைக் கழற்றிப்போட்டுவிட்டு விதைக்கரும்பு ஏற்றுவார். பட்டை ஸ்பிரிங் ஒடிந்ததும், "மாணிக்கம், இரும்பு ஒண்ணும் முன்ன மாதிரி இல்லப்பா" என்று என்னிடம் இரும்பைக் குறை சொல்லுவார். தேவனாம்பட்டினத்தில் மீன் ஏலம் எடுக்கும் ஒருவர் காரைக் கடற்கரை மணலிலேயே நிறுத்துவார். உப்புக்காற்றில் மட்கார்டு அரித்து ஓட்டை விழுந்ததும் அங்கே தகரம் வைத்து ஆணி அடித்து, மேலே படகுக்குப் பூசிய பெயின்ட் மிச்சத்தைப் பூசிக்கொண்டு வந்து நிற்பார். ரேடியேட்டர் ஒழுகினால் கேழ்வரகு மாவு, பெட்ரோல் டேங்க் ஒழுகினால் சோப்பு. இதெல்லாம் எல்லார் வீட்டிலும் தெரிந்த வைத்தியம். ஒரு புண்ணியவான் அளவு தெரியாமல் மாவைக் கொட்டிவிட்டு, "வண்டி சூடாவுது, என்னன்னு தெரியல" என்று வந்தார். திறந்து பார்த்தால் உள்ளே கூழ் காய்ச்சியிருந்தது. அன்று ஒர்க்‌ஷாப்பே வயிறு வலிக்கச் சிரித்தது.

சிரிக்காதவர் எங்கள் ஃபோர்மேன் அருளப்பன் மட்டும்தான். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. கோபம் வந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வார். கண்ணாடி உள்ளே போனால் நாங்கள் எல்லாரும் ஆளுக்கு ஒரு வேலையைப் பிடித்துக்கொள்வோம். வண்டி கொண்டுவருகிறவர்கள் வாயைத் திறந்ததும் அவர் சொல்லும் முதல் வார்த்தை எங்களுக்கெல்லாம் மனப்பாடம்.

"என்ன ரிப்பேருன்னு சொல்லாதீங்க. என்ன சத்தம் வருது, எப்ப வருது, அத மட்டும் சொல்லுங்க."

பிறகு அவரே வண்டியில் ஏறி உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு ஒரு சுற்று போய் வருவார். இறங்கி நேராகக் கையைக் கழுவுவார். கழுவிய கையோடுதான் பானட்டைத் திறப்பார். கழற்றிய எதையும் தரையில் வைக்க விடமாட்டார். சாக்கு விரித்து, எந்த வரிசையில் கழற்றினோமோ அந்த வரிசையில் அடுக்க வேண்டும். ஒரு வாஷர் மாறி இருந்தால் கண்ணாடி சட்டைப்பைக்குப் போய்விடும்.

இனி கைமாற்றுக்கு வருகிறேன். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு இதுதான் புரியாது. ஒரே மாடல் வண்டி வைத்திருந்தவர்களுக்குள் அப்போது ஒரு பழக்கம் இருந்தது. ஒருவர் வண்டியில் ஒரு சாமான் போய்விட்டது, கடையில் கிடைக்கவில்லை என்றால், அவசரமில்லாத இன்னொருவர் வண்டியிலிருந்து அதைக் கழற்றி மாட்டிக்கொள்வார்கள். பெட்ரோல் பம்ப், டைனமோ, கார்புரேட்டர் என்று எது வேண்டுமானாலும் இப்படிப் போகும். வாங்கியவர் எங்கே அலைந்தாவது புதுசு வரவழைக்க வேண்டும். வந்த புதுசு கொடுத்தவர் வண்டிக்குப் போகும். பழசை வாங்கியவரே வைத்துக்கொள்வார். இதற்கு எழுத்தும் கிடையாது, சாட்சியும் கிடையாது. நடுவில் நிற்பது மெக்கானிக்தான்.

அருளப்பன் அதற்குச் சில விதிகள் வைத்திருந்தார். வண்டிக்காரர் தன் வாயால் "எடுத்துக்கோ" என்று சொல்லாமல் ஒரு திருகைக்கூடத் தொடக் கூடாது. எது உடைந்ததோ அதை மட்டும்தான் எடுக்கலாம், ஒன்று கூடுதலாக எடுக்கக் கூடாது. கொடுத்தவர் திருப்பிக் கேட்க மாட்டார், அவரைக் கேட்க வைப்பது வாங்கியவருக்கு அவமானம். சொல்லிவிட்டால் அன்றைக்கே வேலை முடிய வேண்டும், ஆற வைத்தால் மனசு மாறும் என்பார். எல்லாமே நல்ல விதிகள்தான். இன்றுவரை அவற்றில் நான் பெரிதாகக் குறை கண்டதில்லை. அவற்றில் இல்லாத ஒன்றுதான் எங்களைக் கவிழ்த்தது.

சிதம்பரம் கீழவீதியில் ஒரு லேடி டாக்டர் இருந்தார். சரோஜினி என்று பெயர். சின்னதாக ஒரு பிரசவ ஆஸ்பத்திரி வைத்திருந்தார். சுற்றுப்பட்ட கிராமங்களில் கஷ்டமான பிரசவம் என்றால் ஆள் ஓடிவருவார்கள், அவர் காரை எடுத்துக்கொண்டு புறப்பட்டுவிடுவார். அவர் வைத்திருந்தது நாலு கதவுள்ள ஒரு சின்ன சீமை வண்டி. அதே வண்டி, அதே மாடல், பரங்கிப்பேட்டையில் ஒரு மரைக்காயரிடம் இருந்தது. பினாங்கில் வியாபாரம் செய்து திரும்பியவர், ஊரில் மொத்த மளிகைக் கடை. எல்லாரும் மரைக்காயர் என்றே சொல்வோம்.

மரைக்காயர் வீட்டம்மாவை நான் நேரில் பார்த்ததில்லை. கோஷா குடும்பம், பெண்கள் வெளி ஆண்கள் முன் வரமாட்டார்கள். கிணற்றடியில் விழுந்து இடுப்பு எலும்பு கோணலாகக் கூடிவிட்டது, உயரமாகக் கால் தூக்கி வைக்க முடியாது என்று ஒரு சமயம் மரைக்காயர் சொல்லி, அருளப்பன் போய் அந்த வண்டியின் பின் கதவுக்குக் கீழே ஒரு மரப்படி பொருத்திக் கொடுத்தார். ஜன்னலுக்குத் திரை போட்டிருந்தது. மாதத்தில் ஓரிரு முறை கடை ஆள் ஒருவர் ஓட்ட, அந்த அம்மா எங்கோ போய் வருவார். மற்ற நாளெல்லாம் வண்டி கொட்டகையில் நிற்கும். மரைக்காயர் கடைக்கு நடந்தே போவார், மெட்ராஸுக்கு ரயிலில் போவார்.

ஒரு ஆடி மாதத்தில் டாக்டரம்மா வண்டி புவனகிரி பக்கத்தில் நின்றுவிட்டது. எஞ்சின் ஓடுகிறது, சக்கரம் மட்டும் சுற்றவில்லை. அவர் டிரைவர் கண்ணன் பஸ் ஏறி எங்களிடம் வந்தார். அருளப்பனும் நானும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனோம். வண்டியை ஒரு ரைஸ் மில் நிழலில் தள்ளி வைத்திருந்தார்கள். டாக்டரம்மா பக்கத்திலேயே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

"சத்தம் வந்துச்சா டாக்டரம்மா?"

"ஒரு மாசமா பின்னாடி உம்னு ஒரு சத்தம். ஏத்தத்துல ஜாஸ்தியா வரும். இன்னிக்கு டபார்னு கேட்டுச்சு, அவ்வளவுதான்."

அருளப்பன் பின் ஆக்சிலுக்குக் கீழே தட்டு வைத்து ஆயிலை இறக்கினார். துணியில் வடிகட்டி, அடியில் தங்கியதை இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்துப் பார்த்தார். மினுமினு என்று இரும்புத்தூள். அதோடு ஒரு பல் துண்டும் விழுந்தது. பின் சக்கரத்துக்குச் சுழற்சியைத் திருப்பிக் கொடுக்கும் பெரிய பல்சக்கரம்தான் கிரவுன் வீல். அதோடு கோத்துச் சுற்றுவது பினியன். இரண்டும் ஜோடியாகத்தான் வரும். ஒன்று போனால் இரண்டும் போனது மாதிரி. இதைக் கடலூரில் எந்த லேத்திலும் கடைந்து கொடுக்க முடியாது.

"மெட்ராஸ்ல எழுதிப் போட்டா வரும். எப்ப வரும்னு சொல்ல முடியாது" என்றார் அருளப்பன்.

டாக்டரம்மா ஸ்டூலிலிருந்து எழுந்துவிட்டார். "இந்த மாசக் கடைசியிலேர்ந்து கார்த்திகை வரைக்கும் பிரசவம் வரிசையா இருக்குது அருளப்பன். மாட்டு வண்டியில போயி நான் என்னத்தக் காப்பாத்துறது?" என்றார்.

பரங்கிப்பேட்டை அங்கிருந்து பக்கம்தான். கண்ணனை அழைத்துக்கொண்டு நேராக மரைக்காயர் கடைக்குப் போனோம். அருளப்பன் விஷயத்தைச் சொல்லி முடிக்கக்கூட இல்லை.

"எடுத்துக்கங்க. இதுக்குப் போயி கேக்கணுமா? அது சும்மா நிக்கிற வண்டிதானே!" என்றார் மரைக்காயர். கண்ணனைப் பார்த்து, "டாக்டரம்மாகிட்ட சொல்லு, எப்ப சாமான் வருதோ அப்ப வரட்டும். அவசரமே இல்ல" என்றும் சொல்லி அனுப்பினார். தாராளமான மனுஷர். ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை.

விதிப்படி அன்றைக்கே வேலையைத் தொடங்கிவிட்டோம். கொட்டகையில் வண்டியின் பின் கதவு திறந்திருந்தது. பின் சீட்டில் ஒரு ஓலைப்பெட்டி இருந்தது, மேலே வெள்ளைத் துணி கட்டி. நான் ஜாக்கியைப் போட்டதும் வேலைக்காரப் பெண் ஒருத்தி வந்து எங்களைப் பார்த்தாள். வீட்டைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு பெட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அப்போது எனக்கு அது ஒரு பெட்டி, அவ்வளவுதான்.

பின் சக்கரங்களைக் கழற்றி, இரண்டு பக்க ஷாஃப்ட்டையும் உருவி, நடுவிலிருந்து ஜோடியை எடுத்தோம். மிச்சத்தையெல்லாம் துடைத்து, ஆயில் தடவி, எண்ணெய்த் துணியில் சுற்றி வண்டிக்குள்ளேயே வைத்தோம். வண்டியைச் செங்கல் அடுக்கின் மேல் இறக்கி வைத்தோம். ஜோடியை மடியில் வைத்துக்கொண்டு அருளப்பன் புவனகிரிக்கு ஜட்கா வண்டியில் வந்தார். குழந்தையைக்கூட யாரும் அவ்வளவு பத்திரமாகக் கொண்டுபோக மாட்டார்கள்.

மாட்டுவது அதைவிடப் பெரிய வேலை. பல்லும் பல்லும் சரியான இடத்தில் தொட வேண்டும். அருளப்பன் செந்தூரப் பொடியை எண்ணெயில் குழைத்துக் கிரவுன் வீலின் பற்களில் மெல்லிசாகப் பூசினார். பினியனைக் கையால் சுற்றச் சொன்னார். பினியன் தொட்ட இடத்தில் செந்தூரம் அழிந்து ஒரு தடம் தெரியும். அது பல்லின் நடுவில் இருக்க வேண்டும். நுனியில் இருந்தால் சத்தம் போடும், அடியில் இருந்தால் சீக்கிரம் தேயும். தகடு வைத்துப் பார்த்தார், எடுத்துப் பார்த்தார், துடைத்துவிட்டு மறுபடி பூசினார். அன்று பொழுது சாய்ந்தபோதுதான் அவர் முகம் தெளிந்தது.

"இப்ப ஏறுங்க டாக்டரம்மா" என்று சொல்லிவிட்டு, பின் சீட்டில் தானும் ஏறிக் கண்ணை மூடிக்கொண்டார். சிதம்பரம் போய்ச் சேரும்வரை பின்னால் ஒரு முனகல்கூட வரவில்லை. "மரைக்காயர் என் வயித்துல பாலை வாத்தாரு" என்று டாக்டரம்மா சொன்னார். எங்களுக்கெல்லாம் பெருமை பிடிபடவில்லை.

மெட்ராஸ் கடைக்கு எழுதிப் போட்டோம். கப்பலில் வருகிறது என்றார்கள். ஆவணி போனது, புரட்டாசி வந்தது. ஒரு பார்சலும் வந்தது. பிரித்துப் பார்த்தால் வேறு மாடலுடைய பினியன். தண்டு பருமன், பேரிங்கில் நுழையவே இல்லை. அருளப்பன் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்தார். யார்மேல் கோபப்படுவது என்று தெரியாமல் மறுபடி எடுத்து மாட்டிக்கொண்டார். அதைத் திருப்பி அனுப்பினோம்.

நின்று கிடக்கிற வண்டியில் எலி கிலி புகுந்திருக்கப் போகிறது, பார்த்துவிட்டு வா என்று என்னைப் பரங்கிப்பேட்டைக்கு அனுப்பினார். நான் கொட்டகையில் குனிந்து துணியைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது வீட்டுக் கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

"தம்பி, சாமான் வந்துருச்சா?"

"இன்னும் இல்லீங்கம்மா. கப்பல்ல வருதாம்."

"எந்தக் கப்பலு தம்பி? எப்ப வரும்?"

"சீக்கிரம் வந்துடும்மா" என்றேன்.

"கடலூர் முதுநகர்ல எங்க ராத்தா இருக்காங்க. அவுங்களுக்குக் கண்ணு தெரியாது. நான் வருவேன்னு வாசப் பக்கமே காத வச்சிக்கிட்டு இருப்பாங்க. அதான் கேட்டேன்" என்றது குரல்.

ராத்தா என்றால் அக்கா. தாய் சீக்கிரமே போய்விட்டதால் அந்த அக்காதான் இவரைத் தூக்கி வளர்த்தவர் என்று வேலைக்காரப் பெண் சொன்னாள். ரயில் படியும் பஸ் படியும் இவருக்கு ஏற முடியாது. ஒரு தடவை மரைக்காயர் வாடகைக் கார் பிடித்து வந்தாராம். படியில்லாத வண்டி. ஏற்றிவிட டிரைவர் கை நீட்டினானாம். அந்த அம்மா அப்படியே உள்ளே திரும்பிவிட்டாராம். அதற்குப் பிறகு அந்தப் பேச்சே இல்லை.

நான் வந்து அருளப்பனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மரப்படியைத் தன் கையால் பொருத்தியவர். மறுநாள், "டாக்டரம்மா வண்டிக்கு ஆயில் பாக்கணும், வா" என்று என்னைச் சிதம்பரத்துக்குக் கூட்டிப்போனார். ஆயில் பார்க்க அவர் எதற்கு? பேசத்தான் போகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஒரு நாளைக்கு அந்த வண்டியைப் பரங்கிப்பேட்டைக்கு அனுப்பிவையுங்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அதே மாடல் என்பதால் மரப்படியை அதில் மாட்டிவிடலாம்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றோம். உள்ளே பிரசவம் நடந்துகொண்டிருந்தது. கடைசியில் டாக்டரம்மா கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார். முகமெல்லாம் களைப்பு, ஆனால் சிரித்தார்.

"அருளப்பன், சேத்தியாத்தோப்புப் பக்கம் போயி தூக்கிட்டு வந்த பொண்ணு. இன்னும் கொஞ்சம் தாமதிச்சிருந்தா ரெண்டு உசுரும் போயிருக்கும். அந்த மரைக்காயருக்கு நான் என்ன கைம்மாறு செய்யப் போறேன்னு தெரியல. வண்டிய ஒரு பொழுதுகூட நிறுத்த முடியல, பாத்துக்கங்க."

அருளப்பன் வாயைத் திறந்தார். கொடுத்தவருக்காக மெக்கானிக் போய்க் கேட்பது, மரைக்காயரே போய்க் கேட்டதற்குச் சமம் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். "ஆயில் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்றார். ஆயில் பார்த்தோம். சரியாகத்தான் இருந்தது.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. ஆலப்பாக்கம் பக்கம் ரோட்டில் தண்ணீர் ஏறிவிட்டது, பஸ்ஸும் ரயிலும் தட்டுத் தடுமாறி ஓடின. ஒரு நாள் சாயங்காலம் மரைக்காயர் ஒர்க்‌ஷாப் வாசலில் வந்து நின்றார். குடை இருந்தும் முழுக்க நனைந்திருந்தார்.

"என்ன மரைக்காயரே, இந்த மழையில?"

"வூட்டுல அவ ராத்தா மௌத்தாயிட்டாங்க. காலையில தகவல் வந்துச்சு. இப்பத்தான் அடக்கம் முடிஞ்சுது. ரயிலுக்கு நேரம் இருக்குது, அதான் இப்பிடி வந்தேன்."

"வீட்டம்மா?"

"அவ எப்பிடி வருவா அருளப்பன்?" என்றார் மரைக்காயர்.

சொன்ன பிறகுதான் அவருக்கே அது காதில் விழுந்தது போலிருந்தது. ஓரமாகக் கிடந்த டயர்மேல் உட்கார்ந்துவிட்டார். "அவ என்னய ஒரு வார்த்த கேக்கல. நான் புறப்படும்போதும் கேக்கல" என்றார். அருளப்பன் டீ வாங்கி வரச் சொன்னார். வாங்கி வந்தேன். அது அப்படியே ஆறிப்போனது.

யாரையும் கெட்டவர் என்று சொல்ல முடியாத காரியம் இது. மரைக்காயர் நல்லது செய்தார். டாக்டரம்மா உயிர்களைக் காப்பாற்றினார். அருளப்பன் நேர்மையாக நடந்தார். கேட்காமல் கழற்றாதே என்பதுதான் எங்கள் முதல் விதி. கேட்டுத்தான் கழற்றினோம். யாரைக் கேட்பது என்பதில் கோட்டை விட்டுவிட்டோம். வண்டி யார் பேரில் இருக்கிறதோ அவரைக் கேட்டோம். வண்டியை நம்பி இருந்தவரைக் கேட்க வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

மழை விட்டு ரோடு காய்ந்த பிறகு மெட்ராஸிலிருந்து சரியான ஜோடி வந்தது. புத்தம் புதுசு, கிரீஸ் காகிதம்கூடப் பிரிக்காமல். அதே செந்தூரம், அதே தகடு, அதே பொறுமை. இந்த முறை அருளப்பன் இன்னும் கூடுதல் நேரம் எடுத்துக்கொண்டார். செங்கல்லை அகற்றி வண்டியை இறக்கி, ஒரு சுற்றுப் போய் வந்தார். துளி சத்தமில்லை.

புதுசு மாட்டும் அன்று வாங்கியவர் நேரில் வந்து நன்றி சொல்வது வழக்கம். டாக்டரம்மா ஒரு தட்டு நிறையப் பழமும் பூவும் எடுத்துக்கொண்டு, கண்ணன் ஓட்ட, தன் வண்டியிலேயே வந்து இறங்கினார். அவருக்கு எதுவும் தெரியாது. தெரிய வைக்க எங்களுக்கு நேரமும் இல்லை, தைரியமும் இல்லை. மரைக்காயரைப் பார்த்துக் கும்பிட்டார். "வீட்டுல அம்மாவப் பாக்கலாமா?" என்று கேட்டுவிட்டு, நேராக உள்ளே போய்விட்டார். மரைக்காயர், அருளப்பன், கண்ணன், நான் நாலு பேரும் கொட்டகையில் நின்றோம். ஜன்னல் பக்கத்தில்தான் அவர்கள் உட்கார்ந்திருந்தார்கள் போலிருக்கிறது, ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது.

"உங்க வீட்டுக்காரருக்குப் பெரிய மனசும்மா. இந்த நாலு மாசமா நான் போன எடமெல்லாம் உங்க வண்டிச் சாமான்லதான் போனேன்."

"புள்ளைங்கல்லாம் நல்லாருக்குதாம்மா?"

"நல்லாருக்குது. தாயும் புள்ளையுமா எல்லாரும் வீட்டுக்குப் போயிட்டாங்க."

"அல்லாவுக்குத்தான் புகழு. நல்லாருக்கட்டும்."

"இனிமே உங்க வண்டி தயாரு. மொத மொதல்ல எங்க போகப் போறீங்க?" என்று டாக்டரம்மா சிரித்துக்கொண்டே கேட்டார்.

மரைக்காயர் தலையைக் குனிந்துகொண்டார்.

"நான் போற எடம் ஒண்ணுதாம்மா இருந்துச்சு. முதுநகர்ல எங்க ராத்தா வூடு. மழையில அவுங்க மௌத்தாயிட்டாங்க."

"அய்யோ. நீங்க போய்ப் பாத்தீங்களா?"

"எதுலம்மா போறது?"

டாக்டரம்மாவுக்குப் புரிய ஒரு கணம் ஆனது. பிறகு அவர் குரல் உடைந்துவிட்டது. "எனக்கு ஒரு ஆள் விட்டுச் சொல்லியிருந்தா நானே வண்டிய எடுத்துக்கிட்டு வந்திருப்பேனேம்மா! சும்மா நிக்கிற வண்டின்னுதானே சொல்லி அனுப்புனாரு?"

"அவுகளுக்கு அது சும்மா நிக்கிற வண்டிதாம்மா" என்றார் அந்த அம்மா. குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எங்களுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"அழாதீங்கம்மா. நீங்க என்ன செய்வீங்க? என்னயக் கேட்டிருந்தாலும் நான் குடுங்கன்னுதான் சொல்லியிருப்பேன். புள்ளத்தாச்சிங்க காரியமாச்சே, மாட்டேன்னு சொல்ல வாய் வருமா? ஆனா நாளைக்குக் குடுங்கன்னு சொல்லியிருப்பேன். அன்னிக்கு அங்க போகத்தான் பெட்டிய வண்டியில வச்சிட்டு, துப்பட்டி போர்த்திக்கிட்டுப் புறப்பட்டு நின்னேன். ராத்தாவ ஒரு வாட்டி பாத்து, சாமான் வர்ற வரைக்கும் வர மாட்டேன், காத்துக்கிட்டு இருக்காதீங்கன்னு சொல்லிட்டு வந்திருப்பேன். அது தெரியாமயே எம்மாம் நாளு காத்துக்கிட்டு இருந்தாங்களோ."

நாங்கள் நாலு ஆண்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நின்றோம். அருளப்பன் என்னிடம் சாவியைக் கொடுத்து, "அவுருகிட்ட குடு" என்றார். நான் நீட்டினேன். மரைக்காயர் உடனே கை நீட்டவில்லை.

அந்த வண்டி அதன் பிறகு பல வருஷம் நன்றாக ஓடியது. பின்னாலிருந்து ஒரு சின்னச் சத்தம்கூட வந்ததில்லை. மரைக்காயர் எப்போதாவது அதைச் சர்வீசுக்கு அனுப்புவார். அந்த அம்மா எங்காவது போய் வருகிறாரா என்று கடை ஆளிடம் ஒரு முறை கேட்டேன். ஏறச் சொல்லி மரைக்காயர் எத்தனையோ தடவை கூப்பிட்டுவிட்டார், அந்த அம்மா ஏறவில்லை என்றார்.